வெறும் தகட்டில் விபூதி

என் கை பட்டால் தகடு துருப்பிடிக்கும் என்று ஊர் முன்னால் சொன்ன மனிதரின் காரை, அதே கையால் உரித்துத் தேய்த்துப் பெயிண்டுக்குத் தயார் செய்கிற வேலை எனக்கு வந்தது. அன்றைக்குக் காலையில் குடித்த சாமைக் கூழ் கூட எனக்கு இனித்தது. பழிவாங்குவது பாவம் என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். அவர்களை யாரும் நடுரோட்டில் நிற்க வைத்துத் துருக்கைக்காரி என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

மலையில் பிறந்து, கல்யாணமாகி அடிவாரத்தில் கணியம்பாடிப் பக்கம் போனவள் நான். வீட்டுக்காரர் செங்கல் லாரி ஓட்டினார். அவர் வண்டி அடிக்கடி போய் நிற்கிற பட்டறையில் எனக்கும் வேலை கிடைத்தது. அந்தப் பட்டறை உரிமையாளரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நெளிவெடுக்கிற டிங்கர் வேலை முடிந்து வருகிற தகட்டைப் பெயிண்டுக்குத் தயார் செய்வது என் பொறுப்பு. பழைய பெயிண்டை ரிமூவர் தடவி உரிக்க வேண்டும், கம்பி பிரஷ் போட வேண்டும், உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், தகடு வெள்ளி மாதிரி வந்ததும் சுத்தமான துணியில் தின்னர் நனைத்து ஒரே பக்கமாகத் துடைக்க வேண்டும். அதற்கப்புறம் வெறுங்கையை அதன் மேல் வைக்கக் கூடாது. கை வியர்வையில் உப்பு இருக்கிறது. ஆண் கையோ பெண் கையோ, தகட்டுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அன்றைக்கே அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து மூடிவிட வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும் பெயிண்டுக்கு அடியில் துரு ஊற ஆரம்பித்துவிடும், முதல் மழைக்குக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

ஆறு வருஷம் இந்த வேலையைச் செய்தேன். நான் தயார் செய்த தகடு ஒன்று கூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மேஸ்திரிக்கு ஒரு பழக்கம். பிரைமர் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டியின் பானட்டுக்கும் விபூதி வைப்பார். உள்ளங்கையில் விபூதியைக் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்து, மூன்று விரலால் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். வண்டி விபத்தில்லாமல் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்வாராம். வேண்டுதல் நல்லதுதான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்குக் கூட இல்லாமல் துடைத்து வைத்திருக்கிற வெறும் தகட்டில் தண்ணீர் பட்டால் அரைமணி நேரத்தில் மஞ்சளாக ஒரு பூச்சு ஏறிவிடும். அதனால் அவர் டீ குடிக்கப் போனதும் நான் அந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் பிரைமருக்கு விடுவேன். பட்டறையில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய் திறந்து பேசியதில்லை. சாமி விஷயம், எதற்கு வம்பு?

ஒரு நாள் ஒரு நெல் வியாபாரியின் ஜீப் வந்தது. ஆள் அவசரக்காரர், பிரைமர் அடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி விபூதி வைத்தார். வழக்கமாக டீக்குப் போகிறவர் அன்றைக்கு வியாபாரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். நான் தின்னர்த் துணியை எடுத்தேன்.

“இன்னா, சாமி மேலயே தின்னர் ஊத்துவியா?” என்றார் மேஸ்திரி. “அடிம்மா பிரைமர.”

அடித்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

மழை தொடங்கி இரண்டு வாரத்தில் ஜீப் திரும்பி வந்தது. பானட்டின் நடுவில் பெயிண்ட் பொரிந்து கிடந்தது. வியாபாரி தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். மேஸ்திரி ஒரு தகட்டுக் கரண்டியை எடுத்து அந்த இடத்தை விறுவிறுவென்று சுரண்டினார். அடியில் சிவப்பாகத் துரு. அவர் நிமிர்ந்தார், சுற்றிலும் பார்த்தார், என்னைக் காட்டினார்.

“இது பொம்பள கை பண்ண வேலைங்க. அந்த மூணு நாள்ல தொட்டிருப்பா. வெறும் தகடு, தீட்டு தாங்குமா?”

வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். பட்டறையில் இருந்த அத்தனை ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். நீங்கள் வைத்த விபூதியால் வந்த துரு இது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? தீட்டுக்காரி சாமியையும் குறை சொல்கிறாள் என்று இன்னொரு பழியும் சேரும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அதோடு விட்டதா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடிவாரத்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் “நீதான அந்தத் துருக்கைக்காரி?” என்று கேட்டுச் சிரித்தார்கள். வளைகாப்பு ஒன்றில் வளையல் போடக் கையை நீட்டினேன், ஒருத்தி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன். இந்தச் சொல்லை அந்த ஆள் வாயாலேயே திரும்ப வாங்க வேண்டும். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால் வாங்க வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை.

நாங்கள் மலைக்கே திரும்பினோம். வீட்டுக்காரர் ஷேர் ஜீப் ஓட்டினார். என் அண்ணன் ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தகரக் கொட்டகை போட்டு டிங்கர் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தகட்டு வேலையை அவன் முடிப்பான், பெயிண்டுக்குத் தயார் செய்வது நான். மலையில் இந்த வேலைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். மதியம் தாண்டினால் எப்போது மேகம் இறங்கும் என்று சொல்ல முடியாது, இறங்கினால் வெறும் தகடு வியர்த்துவிடும். மூன்று மணிக்குள் பிரைமர் போட முடியாது என்று தெரிந்தால் நான் அன்றைக்குத் தகட்டையே தொட மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக எங்களுக்கு நல்ல பெயர் வந்தது. அடிவாரத்திலிருந்தே சிலர் வண்டி கொண்டுவந்தார்கள். ஆனாலும் அவர்களில் யாராவது ஒருத்தர் என் கையைப் பார்க்கிறாரா என்று நான் பார்ப்பதை நிறுத்தவே முடியவில்லை.

இப்படி நாலு வருஷம் போன பிறகுதான் அந்தக் கார் வந்தது. மேஸ்திரி பட்டறையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மலைமேல் ஒரு புளியந்தோப்பு வாங்கியிருந்தார். கொண்டை ஊசி வளைவில் கைப்பிடிச் சுவரில் இடித்து, பானட்டும் ஒரு கதவும் நசுங்கிப் போயிருந்தன. குத்தகைக்காரரோடு சண்டையாம், அதனால் சொந்தப் பட்டறைக்குப் போகாமல் அண்ணனிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அண்ணனை அவருக்குத் தெரியாது. அண்ணனுக்கு அவரைத் தெரியும்.

“திருப்பி அனுப்பிடட்டாம்மா?” என்று அண்ணன் கேட்டான்.

“எதுக்கு? வேல செய்யத்தான கொட்டா போட்டுக்கிறோம். எடு.”

“நீ இப்டி சாந்தமா பேசனா எனக்கு பயமா கீது.”

அண்ணன் நெளிவு எடுத்துக் கொடுத்தான். நான் உரித்தேன். தேய்க்கத் தேய்க்க எனக்குள் கொதித்தது. எல்லாம் முடிந்து தகடு பளபளவென்று வந்ததும் கையுறையைக் கழற்றி வீசினேன். உள்ளங்கையை உப்புத் தண்ணீரில் நனைத்து, பானட் முழுக்க அப்பி அப்பி எடுத்தேன். பத்து இடத்தில் என் கை. இந்தா, என் கை பட்டால் துருப்பிடிக்கும் என்றாயே, பிடிக்கட்டும். பானட் முழுக்கப் பத்துக் கைகள் உன்னை அறைகிற மாதிரி கிளம்பட்டும்.

அண்ணன் வந்து பார்த்தான். ஒரு கை அடையாளத்தைக் காட்டிக் கேட்டான்.

“அப்புறம் அந்தாளு இன்னா சொல்லுவான்? பாத்தியா, இவ கை பட்டா துரு புடிக்கும்னு நான் அன்னிக்கே சொன்னேன்னு சொல்லுவான். நீயே சாட்சி குடுக்கிறியா?”

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. எனக்கு வெட்கமாகப் போயிற்று. வெட்கத்தில் கோபம் இன்னும் ஏறியது. பத்துக் கைகளையும் முதலிலிருந்து தேய்த்து எடுத்தேன். இரண்டு தடவை தின்னர் போட்டுத் துடைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு தகட்டைத் துடைத்ததில்லை.

பிரைமர் அடிப்பதற்குள், மதியம் பன்னிரண்டு மணிக்கு மேஸ்திரியே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறினார்.

“நீ இங்கதான் கீறியா?”

“ஆமாங்க. அண்ணன் கொட்டாதான்.”

நன்றாக இருக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. பானட்டைச் சுற்றி வந்தார், குனிந்து வெளிச்சத்தில் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

“தண்ணி குடு.”

கொடுத்தேன். சொம்பை நானேதான் எடுத்து நீட்டினேன். விபூதியைக் குழைத்து மூன்று விரலால் பட்டை இழுத்தார், குங்குமம் வைத்தார், கண்ணை மூடி நின்றார். பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு மூன்று பேர் அவரைப் பார்த்துத் தாங்களும் கும்பிட்டார்கள். தெய்வமாகப் பார்த்து என் கையில் கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது. அவர் கண்ணைத் திறந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீக்கடைக்குப் போனார்.

நான் துணியைத் தொடவில்லை. அரைமணி நேரம் காத்திருந்தேன். காற்றுக் குழாயால் மேலே இருந்த சாம்பலை மட்டும் ஊதித் தள்ளினேன். அடியில் மூன்று கோடுகள் லேசாக மஞ்சள் பாரித்திருந்தன, நடுவில் ஒரு புள்ளி.

“தொடச்சிட்டியா?” என்று அண்ணன் ஸ்பிரே கன்னில் பிரைமரை ஊற்றிக்கொண்டே கேட்டான்.

“தொடச்சாச்சி.”

அண்ணனிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். பெயிண்ட் முடிந்து கார் கண்ணாடி மாதிரி போனது.

அப்புறம் மழைக்காகக் காத்திருந்தேன். எங்கள் சனங்கள் சாமைக் கொல்லைக்காக வானத்தைப் பார்ப்பார்கள், நான் ஒரு பானட்டுக்காகப் பார்த்தேன். அந்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. புளியந்தோப்புப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் அந்தக் காரைப் பார்த்தீர்களா என்று கேட்க வாய் வரும். அடக்கிக்கொள்வேன்.

ஒரு சந்தை நாளில் கார் வந்து கொட்டகை முன்னால் நின்றது. மலை முழுக்க அன்றைக்கு அங்கேதான் இருந்தது. புளிக்கூடைக்காரர்கள், கோழி விற்கிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். காரில் ஒரே சேறு, பானட்டில் அங்கங்கே பொரிந்திருப்பது மட்டும் தெரிந்தது. மேஸ்திரி இறங்கும்போதே கத்திக்கொண்டுதான் இறங்கினார்.

“நான் அப்பவே சொன்னேன், இவ கை பட்டா தகடு உருப்படாதுன்னு. யாராச்சும் கேட்டீங்களா? வந்து பாருங்க எல்லாம்.”

கூட்டம் கூடியது. நான் எதிர்பார்த்ததை விடப் பெரிய கூட்டம். அவரே கூட்டிக் கொடுத்தார். நான் ஒரு துணியைத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, பானட்டின் நடுவில் சேற்றை ஒரே துடையாகத் துடைத்தேன். மூன்று பட்டை. நடுவில் பொட்டு. அச்செடுத்த மாதிரி பெயிண்டைத் தூக்கிக்கொண்டு நின்றன.

“தீட்டு பட்டை போடுங்களா மேஸ்திரி?” என்றேன். “பொட்டு வேற வெச்சிக்குது.”

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். விபூதி வைத்த அன்றைக்கு அவரோடு சேர்ந்து கும்பிட்ட புளிக்கூடைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். “இவருதாம்பா தண்ணி வாங்கிக் கொழச்சி வெச்சாரு, நான் பாத்தேன்” என்று சாட்சி சொன்னார். எத்தனை வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த இடம் இது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

“அந்த ஜீப்லயும் நீங்கதான் வெச்சீங்க. வெச்சீங்களா இல்லியா? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க.”

மேஸ்திரி பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இறங்கிவிட்டது.

“வெச்சேன். அதான் துரு புடிச்சிது. எனக்கும் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் என்ன சொன்னீங்க?”

“கஸ்டமர் முன்னாடி சாமிய கொற சொல்ல முடியுமா? உன்ன சொன்னேன்.”

அவ்வளவுதான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். வாங்கிவிட்டேன், நாலு பேர் முன்னால், அவர் வாயாலேயே. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“ஆறு வருஷம் நான் வெப்பேன், நான் அந்தாண்ட போனதும் நீ தொடைப்ப. எனக்கு தெரியாதுன்னா நெனச்ச? தெரிஞ்சிதான் டீக்கே போவேன். இங்கயும் நீ கீறன்னுதான் நம்பி வெச்சிட்டு போனேன். நீ பாத்துனே இருந்து, அது மேலயே அடிச்சிருக்க.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். அண்ணன் கன்னைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். தொடச்சாச்சி என்று நான் சொன்னது அவனுக்கு நினைவு வந்திருக்கும். மேஸ்திரி காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் பொய் சொன்னார், நான் மௌனமாக இருந்தேன், இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை. இன்றைக்கும் ஒன்றில்லை என்றுதான் சொல்வேன். அவர் என் மேல் போட்ட பழிக்கு அந்தப் பானட் ரொம்பச் சின்னது. மறுபடி அவர் விபூதிப் பொட்டலத்தோடு வந்தால் மறுபடி தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன்.

ஆனால் அன்றைக்குக் கொட்டகையில் இன்னொரு தகடும் இருந்தது. அடிவாரத்திலிருந்து வந்த வேன்காரர் ஒருவரின் கதவு. காலையில் உரித்து, தேய்த்து, துடைத்து வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் பிரைமர் அடிக்க வேண்டியது. வேன்காரர் கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். உள்ளே வந்தார்.

“என் டோர குடுத்துடும்மா.”

“இன்னும் பிரைமர் அடிக்கலீங்க.”

“பரவால்ல. வேற எடத்துல அடிச்சிக்கிறேன்.”

வெளியே பார்த்தேன். மேகம் பலாமரங்களுக்கு மேலே வந்துவிட்டிருந்தது. இன்னும் கால் மணி நேரத்தில் ரோட்டுக்கு இறங்கிவிடும்.

“மேகம் எறங்குதுங்க. வெறும் தகட்ட இப்டியே தூக்கினு போனா அடிவாரம் போறதுக்குள்ள துரு ஏறிடும். ஒரு மணி நேரம் இருங்க, நான் மூடித் தர்றேன். இல்லன்னா இந்தத் துணியாச்சும் சுத்தி எடுத்துனு போங்க.”

அவர் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்.

“நீ சொல்றத நான் எப்டிம்மா நம்பறது?” என்றார்.

கோபமாகக் கூடக் கேட்கவில்லை. நான் நீட்டிய துணியை வாங்காமல், வெறுங்கையால் கதவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சந்தைக் கூட்டத்துக்குள் நடந்தார்.